மூன்றையும் சேர்த்துப் படித்தால் எதிலும் தேறாமல் போவாளா?

வணக்கம் ஐயா.

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்' என்று எழுதியிருந்தீர்கள். மகள் அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றையும் ஒரே பட்டமாகப் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்; பேசாமல் பொருளாதாரத்தை மட்டும் எடுத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் அந்தத் தச்சன் பல மரங்களைப் பார்த்ததில் தப்பில்லை. ஒன்றின் மேலாவது கோடரியை வைக்காமல் திரும்பியதுதான் தப்பு. என் பதில் முழுக்க அதைச் சுற்றித்தான்.

இது நேற்று முளைத்த படிப்பு இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு 1920-ஆம் ஆண்டுவாக்கிலேயே தொடங்கிவிட்டது. கிரேக்கமும் லத்தீனும் கற்றவர்களே நாடாளத் தகுதியானவர்கள் என்று நம்பிய இடத்தில், இன்றைய உலகத்தைப் படிக்கவும் ஒரு பட்டம் வேண்டும் என்று வந்தது அது. இன்னும் பின்னால் போனால், இந்த மூன்றுக்கும் நடுவில் சுவரே கிடையாது. 1776-இல் 'நாடுகளின் செல்வம்' எழுதிய ஆடம் ஸ்மித், அதற்கு முன் கிளாஸ்கோவில் அறவியல் பேராசிரியராக இருந்தவர். பாகப்பிரிவினை நடந்ததெல்லாம் அப்புறம்தான்.

மூன்றும் எங்கே ஒட்டுகின்றன என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு. மூன்று நண்பர்கள் சுற்றுலா போக வேண்டும். முதலாமவருக்குப் பிடித்த வரிசை மலை, கடல், காடு. இரண்டாமவருக்குக் கடல், காடு, மலை. மூன்றாமவருக்குக் காடு, மலை, கடல். இப்போது இரண்டு இரண்டாக வாக்கெடுப்பு நடத்துங்கள். மலையா கடலா என்றால் மலைக்கு இரண்டு ஓட்டு. கடலா காடா என்றால் கடலுக்கு இரண்டு. சரி, அப்படியானால் மலை காட்டை ஜெயிக்க வேண்டும் அல்லவா? போட்டுப் பாருங்கள், காடு ஜெயிக்கும். ஒவ்வொருவரும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். மூவரும் சேர்ந்தால் முடிவு வட்டமடிக்கிறது. கொண்டோர்செ என்ற பிரெஞ்சு அறிஞர் 1785-இல் இதை எழுதினார். கென்னத் ஆரோ 1951-இல் இதை விரித்து, மூன்று அல்லது அதற்கு மேல் தேர்வுகள் இருந்தால், நியாயமானவை என்று நாம் நினைக்கும் சில நிபந்தனைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்றும் வாக்கு முறையே அமைக்க முடியாது என்று நிரூபித்தார். அவர் பொருளாதார அறிஞர். விஷயமோ தேர்தல். நிரூபித்த வழி தர்க்கம். 'மக்களின் விருப்பம்' என்று ஒன்று இருக்கிறதா என்று அதிலிருந்து கிளம்பும் கேள்வி தத்துவம். இதை எந்த வகுப்பில் நடத்துவது, சொல்லுங்கள்?

இந்தக் கணக்கை மகளிடம் கொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து 'அப்பா, அப்போ எதை முதலில் ஓட்டுக்கு விடுகிறார்கள் என்பதை வைத்தே முடிவை மாற்றலாமே' என்று அவளாக வந்து சொன்னால், இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவரும். 'நல்ல புதிர்' என்று மூடி வைத்துவிட்டால் அவள் கெட்டிக்காரி இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் இதைப் போன்றவற்றோடுதான் மூன்று நான்கு வருடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது கணக்கு. உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். செய்தித்தாள் படிக்கப் பிடிக்கும், விவாதம் பிடிக்கும் என்று சேர்ந்துவிட்டு, முதல் பருவத்திலேயே வகைக்கெழுவையும் புள்ளியியலையும் பார்த்து மிரண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டத்தின் பெயரில் கணிதம் இல்லை, பாடத்தில் இருக்கிறது. தத்துவத்திலும் தப்பிக்க முடியாது. 'மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்திருக்கிறது' என்பதில் என்ன ஓட்டை என்று கேட்டுத் தொடங்குவார்கள், நான்கு வாரத்தில் அது குறியீடுகளாக மாறிப் பக்கம் பக்கமாக ஓடும். பள்ளியில் கணிதத்தைப் பாதியில் விட்டவள் என்றால், சேர்வதற்கு முன் உள்ள மாதங்களில் அதைத் தூசி தட்டியே ஆக வேண்டும்.

இப்போது கோடரி விஷயம். ஆக்ஸ்ஃபோர்டில் முதல் வருடம் மூன்றும் கட்டாயம். அதற்கு மேல் ஒன்றை விட்டுவிட்டு இரண்டில் ஆழமாகப் போகலாம். வேறு சில இடங்களில் கடைசிவரை மூன்றையும் சுமக்க வேண்டும். இன்னும் சில இடங்களில் மூன்று துறைகளின் அறிமுக வகுப்புகளை வரிசையாக அடுக்கிப் புதுப் பெயர் வைத்திருப்பார்கள். கடைசி வகைக்கு உங்கள் பழமொழி அப்படியே பொருந்தும். எனவே கல்லூரியின் பெயரையும் படங்களையும் விட்டுவிட்டு, இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடப்பட்டியலை எடுத்து எண்ணுங்கள். ஏதாவது ஒரு துறையில் ஐந்தாறு மேல்நிலைத் தாள்களாவது எடுக்க இடம் இருக்கிறதா? பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு அலசும் பொருளாதார அளவியல் வகுப்பில் இந்த மாணவர்களையும் சேர்த்துக்கொள்வார்களா? கடைசி வருடம் சொந்தமாக ஆய்வுக்கட்டுரை எழுத விடுவார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் சேருங்கள்.

நாளை பொருளாதாரத்தில் முதுகலை செய்யும் எண்ணம் அவளுக்குத் துளி இருந்தாலும், கணிதத் தாள்களை இப்போதே கூடுதலாக எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் சேர்க்கைக் குழு பட்டத்தின் பெயரைவிட மதிப்பெண் பட்டியலைத்தான் உற்றுப் பார்க்கும்.

வேலை? மருத்துவம், தணிக்கை மாதிரி பட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வேலை வராது. அதை மறைத்துப் பேசும் ஆலோசகரை நம்பாதீர்கள். அரசுப் பணி, கொள்கை ஆய்வு, நிதி நிறுவனம், மேலாண்மை ஆலோசனை, பத்திரிகை, மேற்கொண்டு சட்டம் என்று பல பக்கம் போகிறார்கள். எல்லா இடத்திலும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: குழப்பமான ஒரு பிரச்சினையை, எண்களையும் சரிபார்த்து, இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுத முடியுமா? அதனால் விடுமுறைகளில் பயிற்சிப் பணியும், காட்டுவதற்கு நாலு நல்ல கட்டுரைகளும், தரவு அலசும் மென்பொருள் ஒன்றில் கைப்பழக்கமும் அவளுக்கு இருக்க வேண்டும்.

'இதைப் படித்தால் பிரதமர் ஆகலாமாமே' என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். டேவிட் கேமரன், ரிஷி சுனக், இம்ரான் கான், பெனசிர் புட்டோ எல்லாரும் ஆக்ஸ்ஃபோர்டில் இதைப் படித்தவர்கள்தான். பதவியில் 50 நாள்கூடத் தாங்காத லிஸ் டிரஸ்ஸும் இதே பட்டம்தான். அங்கே போய்ச் சேரும்போதே அந்த ஆசையோடு போனவர்கள் பலர். பட்டத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. விளம்பரத்தில் இந்தப் பெயர்களைப் பெரிதாகப் போட்டால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். 'பொருளாதாரம் மட்டும் எடு' என்பதைத் தீர்ப்பு மாதிரிச் சொல்லிவிடாதீர்கள். கணக்கு நன்றாக வந்து, மற்ற இரண்டையும் பொழுதுபோக்காகப் படித்தாலே போதும் என்று அவளுக்கே தோன்றினால், தனிப் பொருளாதாரம் நல்ல வழிதான். அது அவள் பாடப்பட்டியலைப் பார்த்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும். இரண்டு மூன்று கல்லூரிகளின் பட்டியல் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம். முதல் ஆண்டுப் பக்கம் வேண்டாம், அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.