பேய்க்கணவாயும் ஒரு கடிதமும்

அன்புள்ள ஐயா,

ஆர்தர் கிரிம்பிள் 1952இல் வெளியிட்ட பசிபிக் தீவு நினைவுகளை இரண்டே நாளில் படித்து முடித்தேன். புது மனைவியோடு ஓஷன் தீவில் வந்திறங்கும் இளம் பிரிட்டிஷ் அதிகாரி, பெண்குழந்தைகள், கடல், கிழவர்களின் கதைகள்! பாஸ்பேட் சுரங்கம் மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது சொர்க்கமாக இருந்திருக்குமே என்று ஏக்கமாக இருந்தது. தமிழில் மொழிபெயர்க்க ஆசை. நண்பர்கள் 'வெள்ளைக்காரன் புத்தகம், எதற்கு?' என்கிறார்கள். செய்யலாமா? ஊர்ப்பெயர்களை எப்படி எழுதுவது?

ரா.

அன்புள்ள ரா,

ஊர்ப்பெயர்களை அந்த ஊர்க்காரர்கள் சொல்வதுபோலவே எழுதுங்கள். கிரிபாஸ் (வரைபடத்தில் கிரிபாட்டி என்று இருக்கும்), தராவா. ஓஷன் தீவு அவர்களுக்குப் பனாபா. நண்பர்களை விடுங்கள், புத்தகத்தைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் உங்கள் ஏக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்கு எரிச்சல். சுரங்கம் வராவிட்டால் அந்தக் குடும்பம் அங்கே போயிருக்கவே போயிருக்காது. சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த, நவ்ரு தீவிலிருந்து வந்த கல்லை அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் சோதித்துப் பார்க்க, அது உரத்துக்கான பாஸ்பேட். 1900 மே மாதம் பனாபாவில் போய் இறங்கினார். ராஜாவே இல்லாத தீவில் ஒருவரை ராஜா என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். வருடத்துக்கு 50 பவுண்டு, 999 வருடத்துக்கு. தீவே ஆறு சதுர கிலோமீட்டர்தான். 1908இல் பிரிட்டிஷ் நிர்வாகத் தலைமையிடமும் தராவாவிலிருந்து இந்தக் கல்லைத் தேடி வந்தது. 1914இல் கிரிம்பிள் தம்பதி வந்திறங்கியது அந்தத் தலைமையிடத்துக்குத்தான். நீங்கள் மயங்கிய வீட்டுக்கு அஸ்திவாரமே பாஸ்பேட், ஐயா!

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நானும் இப்படித்தான் மயங்கினேன். தராவாவில் இரண்டு பையன்கள் ஆக்டோபஸ் பிடிப்பார்கள். ஒருவன் தன்னையே இரையாகக் கொடுப்பான், மற்றவன் அதன் கண்களுக்கு நடுவே கடித்துக் கொல்வான். ஒருநாள் கிரிம்பிளே இரையாக இறங்குவார். இதை என் பிள்ளைகளுக்கு எத்தனை இரவு சொல்லியிருப்பேன்! (ஆக்டோபஸ் என்றே விட்டுவிடாதீர்கள். நம் கரையில் பேய்க்கணவாய் என்பார்கள்.)

அப்புறம் ஒரு தீர்ப்பைப் படிக்க நேர்ந்தது. பனாபா மக்கள் பிரிட்டிஷ் அரசுமேல் லண்டனில் போட்ட வழக்கு, 1976இல் வந்த தீர்ப்பு. நீதிபதி மெகாரி தீவுக்கே போய்ப் பார்த்தவர். அந்தத் தீர்ப்புக்குள் 1928இல் எழுதப்பட்ட ஒரு கடிதம் இருந்தது. சுரங்கத்துக்கு இன்னும் 150 ஏக்கர் வேண்டும். புவாகோனிகாய் கிராமத்தார் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் மன்னிப்பு, போடாவிட்டால் தண்டனையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும், கிராமத்தையே அழிப்பது பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்கிறது கடிதம். எழுதியவர் அப்போதைய ரெசிடெண்ட் கமிஷனர், அதாவது அங்கே பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைவர், நம் கிரிம்பிள்.

கடிதத்தை அவர்கள் மொழியிலேயே எழுதியிருக்கிறார். நான் இன்றுவரை தாண்ட முடியாமல் நிற்கும் இடம் இதுதான். மொழி தெரியாத ஒரு முரடன் மிரட்டியிருந்தால் துபாஷி தேடியிருப்பார்கள், பாதியாவது மழுங்கியிருக்கும். இவர் கிழவர்களின் காலடியில் உட்கார்ந்து, பாட்டும் வம்சக் கதையும் கேட்டுக் கேட்டுக் கற்ற மொழி. எந்தச் சொல் எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர். அந்த வாஞ்சை பொய் என்று நான் நினைக்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கும் நிம்மதி. புத்தகம் பெரும்பாலும் இளவயதுக் காலத்தோடு நின்றுவிடுவதால் இந்தக் கடிதத்துக்கு அதில் இடமில்லை. எவ்வளவு வசதி!

1931இல் நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்ததும், 1945 டிசம்பர் 15 அன்று பனாபா மக்களை ஃபிஜியின் ராபி தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள், புயல் காலத்தில், கூடாரங்களில். அந்தத் தீவை வாங்கியதும் அவர்களுடைய பாஸ்பேட் பணத்தில்தான். 1979 வரை தோண்டினார்கள். பெண்கள் மட்டுமே இறங்கித் தண்ணீர் எடுத்துவந்த குகைகள் உண்டு, பங்கபங்கா என்பார்கள். மேலே இருந்த மண் போய், பல இடங்களில் சுண்ணாம்புப் பாறை முட்கள்தான் மிச்சம். அந்த மண் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் புல்வெளிகளுக்கு உரமாகப் போனது.

என்ன கேட்டீர்கள், மொழிபெயர்க்கலாமா என்றா? தாராளமாக. அந்தக் கடிதத்தையும் சேர்த்து மொழிபெயர்த்து முன்னுரையில் முழுசாகப் போடுங்கள், சுருக்க வேண்டாம். பேய்க்கணவாய் அத்தியாயத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள். பேரன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.