ஷென்ஜென் போகலாமா?

கேள்வி: என் கணவருக்குச் சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. நானும் எட்டு வயது மகளும் கூடப் போவதா என்று குழப்பம். ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்த நாத்தனார், 'சொர்க்கம், உடனே கிளம்பு' என்கிறார். அங்கே மூன்று வருடம் இருந்த கணவரின் நண்பரோ, 'பைத்தியம் பிடித்துவிடும்' என்கிறார். நாங்கள் சைவம் வேறு. யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: நாத்தனார் பொய் சொல்லவில்லை, சகோதரி. 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஊர், இன்று ஒன்றரைக் கோடிப் பேரைத் தாண்டிவிட்டது. 2017 முடிவதற்குள் 16,000-க்கு மேற்பட்ட டவுன் பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய சாலையில்கூட இரைச்சல் குறைவு. ராத்திரி பதினொரு மணிக்குப் பெண்கள் தனியாக நடந்து போகிறார்கள். ஊருக்குள்ளேயே இருக்கும் ஃபூத்தியன் ஸ்டேஷனில் அதிவேக ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஹாங்காங்.

நான் போனபோது திண்டாடியது பணத்தில்தான். ஒரு பழக்கடையில் 100 யுவான் நோட்டை நீட்டினேன். கடைக்காரப் பாட்டி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார், பக்கத்துக் கடையில் சில்லறை கேட்டார், கடைசியில் தராசில் தொங்கிய கியூஆர் அட்டையைக் காட்டிவிட்டார். எனக்குப் பின்னால் நான்கு பேர். மறுநாளே அலிபே என்ற பணம் கட்டும் ஆப்பில் என் விசா வங்கி கார்டை இணைத்தேன். நீங்கள் ஊரிலிருந்தே இணைத்துக்கொண்டு போங்கள்.

நண்பர் சொல்வதும் நிஜம். ஏனென்றால் சுற்றிப் பார்க்கப் போனவருக்குத் திங்கட்கிழமை கிடையாது, உங்களுக்கு உண்டு. கணவர் காலையில் கிளம்பிவிடுவார். குடும்பத்தினருக்கான எஸ்1 விசாவில் நீங்கள் வேலைக்குப் போக முடியாது. பக்கத்து வீட்டில் ஆங்கிலம் எதிர்பார்க்காதீர்கள். வாட்ஸ்அப், யூடியூப், கூகுள் எதுவும் அங்குள்ள இணையத்தில் திறக்காது. இந்திய சிம் ரோமிங்கில் திறக்கும், ஆனால் அம்மாவிடம் தினமும் வீடியோ காலில் பேசினால் பில் எகிறும். 'வந்துவிட்டால் நீயும் ஷென்ஜென்காரன்தான்' என்று அந்த ஊருக்கே ஒரு வாசகம் உண்டு. அது வெளி மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்த சீனர்களுக்குச் சொன்னது. அவர்களே வசந்தத் திருவிழா என்ற சீனப் புத்தாண்டு வந்தால் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள், பாதி நகரம் காலியாகிவிடும்.

சாப்பாடு? 'வோ ச்சர் சூ' என்றால் நான் சைவம் என்று அர்த்தம். அப்படிச் சொன்ன பிறகும் கீரைப் பொரியலில் சிப்பி சாஸ் இருக்கலாம், விசாரியுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் ஹோங்ஃபா கோயிலில் நல்ல சைவச் சாப்பாடு கிடைக்கும். பருப்பு, புளி, மசாலாவுக்கு ஹாங்காங்கில் இந்தியக் கடைகள் இருக்கும் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடம் இருக்கிறது. ஆனால் ஹாங்காங்குக்குள் நுழைய இந்தியர்கள் முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், மறக்காதீர்கள். மற்றபடி குக்கரைப் பெட்டியில் வைத்தால் போதும்.

எனக்குக் கவலை சாப்பாடு இல்லை, பள்ளிக்கூடம். சர்வதேசப் பள்ளிக் கட்டணம் தலையைச் சுற்ற வைக்கும். அதை யார் கட்டுவார்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். 'பார்த்துக்கலாம்' என்ற பதில் வந்தால் மகளை இப்போதைக்கு அழைத்துப் போக வேண்டாம்.

அது சரியாகிவிட்டால் என் ஓட்டு 'போங்கள்' என்பதற்குத்தான். ஆனால் மூன்று பேரும் ஒன்றாக வேண்டாம். அவர் முன்னால் போகட்டும். நீங்களும் மகளும் கோடை விடுமுறையில் ஒரு மாதம் போய், ஹோட்டலில் இல்லாமல் அவர் பிடித்திருக்கும் வீட்டிலேயே தங்குங்கள். போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்வது கட்டாயம். கோவைக் காற்றுக்குப் பழகியவருக்கு மே மாதப் புழுக்கம் கொடுமையாக இருக்கும், அதையும் பார்த்துவிடுவது நல்லதுதான். காய்கறி நீங்களே வாங்குங்கள், பள்ளியை நேரில் பாருங்கள், ஒரு திங்கட்கிழமை முழுவதையும் அவர் துணையில்லாமல் கழியுங்கள்.

அப்புறம், அந்த நண்பரிடம் ஒன்று விசாரியுங்கள். மூன்று வருடமும் தனியாகத்தான் இருந்தாரா, சீன மொழி எத்தனை வார்த்தை கற்றுக்கொண்டார்?