கோடைக்கு வரும் பிள்ளைகள்

அன்புள்ள அக்கா,

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. நாட்டுப்படகுத் தொழில் செய்த என் வீட்டுக்காரர் தை மாதம் காலமாகிவிட்டார். ஒவ்வொரு மே மாதமும் திருப்பூரிலிருந்து நாத்தனார் பிள்ளைகளும் சென்னையிலிருந்து அண்ணன் பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருவது முதல் நுங்கு வண்டி செய்து கொடுப்பது வரை எல்லாமே அவர்தான். இந்த வருடம் "அனுப்பட்டுமா?" என்று கேட்கிறார்கள். ஆண்டு திதி கழியாத வீட்டில் பிள்ளைகள் கும்மாளம் போடலாமா என்கிறார் பெரிய மாமியார். எனக்கோ ஒருத்திக்கு உலை வைக்கவே மனம் வரவில்லை. வள்ளத்தை விற்றுவிடு என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வரச் சொல்லுங்கள்.

பெரிய மாமியார் மேல் எனக்குக் குறையில்லை. துக்கத்துக்கு ஒவ்வொரு சமூகமும் ஒரு கெடு வைத்திருக்கிறது. கீழக்கரையில் கணவனை இழந்த முஸ்லிம் பெண்கள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஆண்டு திதி. அதற்குள் கல்யாணம் காட்சி வேண்டாம் என்பது சரிதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் விருந்தாளிகள் அல்ல. ஒரு பக்கத்துக்கு அவர் தாய்மாமன், மறுபக்கத்துக்கு அத்தை வீட்டு மாமா. அவர்களும் இழந்தவர்கள். சாவு வீட்டில் பிள்ளைகளை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு, அன்று இரவே ரயிலேற்றிவிடுவதுதான் நம் வழக்கம். அழுது தீர்க்க அவர்களுக்கு யார் நேரம் தந்தார்கள்?

ஸ்டேஷனுக்கு நீங்களே போங்கள். வீட்டு வாசலில் வந்து நின்று அவரைத் தேடுவதைவிட, பிளாட்பாரத்திலேயே உங்களைக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவது அவர்களுக்கு நல்லது.

போன வருடத்து வீட்டை அப்படியே திருப்பிக் காட்ட மட்டும் முயலாதீர்கள். நம் கரைப் பெண்களை நான் அறிவேன். நாலு பேர் வந்துவிட்டால் அடுப்படியே கதி என்று கிடந்து துக்கத்தை மூடி வைத்துவிடுவார்கள். பிறகு அது உடம்பில் வந்து நிற்கும். அவர் பார்த்த வேலைகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீர் மூத்தவர்கள் பொறுப்பு: காவிரிக் குழாய் வரும் நாளில் குடம் நிரப்பட்டும், வராத நாளில் ஊற்றுக்குப் போகட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை என்பதால் மீன் விலை ஏறித்தான் கிடக்கும். சாளையோ காரலோ கிடைத்த அன்று குழம்பு, இல்லாத அன்று கருவாடு. சீலா பொரித்துப் போட முடியவில்லையே என்று மனம் குமைய வேண்டாம்.

நுங்கு வண்டியை விட்டுவிடாதீர்கள். தின்று முடித்த இரண்டு நுங்குக் கூடுகளைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுகிற அந்த வண்டியை அவர் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பையன் ஒருவனாவது இருப்பான். இந்த வருடம் சின்னவர்களுக்கு அவன் செய்து கொடுக்கட்டும். குச்சி கோணலாக இறங்கும், சக்கரம் கழன்று மணலில் உருளும், "மாமா செய்தால் இப்படி ஆகாது" என்று ஒரு குட்டி சொல்லும். அழுகை வந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுங்கள், உள்ளறைக்கு ஓட வேண்டாம். பிறகு அவர் குச்சியை எந்த இடத்தில் செருகுவார் என்று காட்டிக் கொடுங்கள்.

துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் இருவரும் 1999-இல் எழுதியதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. இழந்தவரை நினைத்து உருகுவதும், அதைத் தள்ளி வைத்துவிட்டு அன்றாட வேலையைப் பார்ப்பதும் மாறி மாறி வருவதுதான் துக்கத்தின் இயல்பு என்றார்கள். காலையில் அழுத நீங்கள் சாயங்காலம் பிள்ளைகளோடு சிரித்தால் அது அவருக்குச் செய்யும் துரோகமாகாது.

கடல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பும் காலம், தென்கடலில் யாரும் இறங்க வேண்டாம். குளித்தே ஆக வேண்டும் என்றால் வடகடல் பக்கம் அரியமான் கடற்கரைக்கு, நீச்சல் தெரிந்த பெரியவர்களோடு.

வள்ளத்தை இப்போது விற்காதீர்கள். சும்மா கிடந்தால் உப்புக் காற்றில் இன்ஜின் துருவேறும் என்பதால், அவரோடு தொழிலுக்குப் போனவர்களிடம் பங்குக்கு விடுங்கள். படகுக்கென்று ஒரு பங்கு கரையில் உண்டே, அதன் கணக்கை நீங்களே நோட்டில் எழுதி வாருங்கள். விற்பதா வேண்டாமா என்பதை அடுத்த தைக்குப் பிறகு பார்க்கலாம்.

ஒருத்திக்கு உலை வைக்க மனமில்லை என்று எழுதியதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் வந்தால் உலை ஏறும். அவர்கள் போன மறுநாள்? எனக்குப் பயம் அந்த நாளைப் பற்றித்தான். எல்லோரையும் ஒரே ரயிலில் அனுப்பிவிடாதீர்கள். முதலில் ஒரு வீட்டார், நாலைந்து நாள் கழித்து மற்றவர்கள், மூத்த பெண் ஒருத்தி பள்ளி திறக்கும் வரை என்று கிளம்பும் தேதிகளை இப்போதே போனில் பேசி வைத்துவிடுங்கள். கடைசி ஆளும் போன பிறகு இரவுச் சோறாவது பக்கத்து வீட்டோடு சேர்ந்து சாப்பிடுங்கள். வாரக்கணக்கில் சோறும் தூக்கமும் பிடிக்காமலே போனால் 14416 என்ற எண்ணில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி மையத்தோடு பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா