சின்னக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தால் நாள் எப்படிப் போகும்?

கேள்வி: "திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. பெரிய கல்லூரிக்கு மார்க் பத்தவில்லை. அங்கே தினமும் எப்படி இருக்கும்? உருப்படியாக ஏதாவது படிக்க முடியுமா?"

முடியும். 2022-லிருந்து 2025 வரை தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஓர் ஊரில் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். வகுப்பில் 31 பேர். இப்போது எம்.எஸ்சி. படிக்கிறேன்.

எங்கள் ஊர் நாங்குநேரிக்குத் தெற்கே. காலை ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து, நடுவில் ஒரு பஸ் மாறவேண்டும். டீக்கடை அண்ணாச்சி "பஸ் போயிட்டு தாயி" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முதல் பீரியட் இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் வீட்டில் என்னை அனுப்பியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். லேப் கோட், ரெக்கார்டு நோட்டு எல்லாம் அந்தப் பணத்தில் வாங்கியவை.

முதல் செமஸ்டரில் அழவைத்தது பாடம் இல்லை, ஆங்கிலம். பிளஸ் டூ வரை தமிழ்வழி. வினைவேகமாற்றி என்றால் எனக்குத் தெரியும், கேட்டலிஸ்ட் என்றால் முழிப்பேன். எங்கள் மேடம் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வார். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஆங்கிலம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். தீபாவளிக்குள் நோட்டு நிரம்பிவிட்டது. அதற்கப்புறம் பயம் விட்டுப்போனது.

மதியம் டிபன் பாக்ஸ் திறந்தால் யாருடையது எது என்ற கணக்கே இருக்காது. அம்பை (அம்பாசமுத்திரம்) பக்கத்திலிருந்து வரும் தோழி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவந்தால் இரண்டு நிமிடத்தில் காலி.

வாரத்தில் இரண்டு மதியம் லேப். ஆடி மாதக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் பர்னர் அணைந்துவிடும், எலக்ட்ரானிக் தராசில் கடைசி இலக்கம் நிற்காமல் ஓடும். அதனால் ஜன்னலை அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு சால்ட் அனாலிசிஸ், அதாவது கொடுத்த உப்பில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை செய்வோம். ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை வாடை துப்பட்டாவில் ஏறி, வீடு வரைக்கும் கூடவே வரும்.

லேபை ஆண்டது மேடம் பாதி, லேப் அட்டெண்டர் அண்ணாச்சி பாதி. எந்த பியூரெட் (அளவுக்கோடு போட்டு, அடியில் திருகு வைத்த கண்ணாடிக் குழாய்) ஒழுகும், எந்தக் கரைசல் நேற்றுப் போட்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் லேபுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. மழை வலுக்குமுன்பே அவர் மண்ணெண்ணெயில் மூழ்கியிருந்த சோடியம் பாட்டிலை எடுத்து மேல்தட்டில் வைத்திருந்தார். சோடியத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வெளியேறித் தீப்பிடிக்கும். கல்லூரி திறந்ததும் ஒரு வாரம் சேறு கழுவினோம், மேடமும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு நின்றார்.

மூன்று வருடத்தில் எனக்குப் பிடித்த நாள் எது என்று கேட்டால், தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கால்சியம், மெக்னீசியம் உப்பு எவ்வளவு என்று பார்த்த நாள்தான். "நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்டுத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வாங்க" என்றார் மேடம். மறுநாள் மேசையில் 31 பாட்டில், ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி ஊர்ப்பெயர். திசையன்விளை, ஏர்வாடி, முக்கூடல், கல்லிடைக்குறிச்சி.

என் பாட்டிலிலிருந்து பிப்பெட்டில் 20 மில்லி எடுத்துக் குடுவையில் விட்டு, அம்மோனியா பஃபர் கரைசல், நிறம் காட்டும் பொடியான எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை. தண்ணீர் ஒயின் நிறமாகிவிடும். பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. என்ற கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கி, தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கவ்விக்கொள்ளும். கவ்வ ஒன்றும் மிச்சமில்லாத நேரம் நிறம் நீலமாக மாறும். "எம்மா, குழாயப் பாக்காத, கலரப் பாரு" என்று அண்ணாச்சி பின்னாலிருந்து சொன்னார். 13 மில்லி தாண்டியும் சிவப்பு. 14 தாண்டியதும் ஊதா கலந்தது. குடுவையைச் சுழற்றிக்கொண்டே ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. நீலம். 14.3. மறுபடியும் செய்தேன், அதே 14.3. கணக்குப் போட்டால் கடினத்தன்மை லிட்டருக்கு 715 மில்லிகிராம்.

அடுத்த மேசையில் ஆற்றுத் தண்ணீர். ஒரு மில்லி இறங்கியதுமே நீலமாகிவிட்டது. லிட்டருக்கு 50.

இந்தியக் குடிநீர்த் தரப்படி 200-க்குள் இருப்பதுதான் நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் அதையும் தாண்டியிருந்தது. மேடம் போர்டில் ஊர்ப்பெயரை எழுதி எதிரே எண்ணை எழுதிக்கொண்டே வந்தார். ஆற்றுப் பாசன ஊர்களெல்லாம் கீழே, தெற்கே செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போகப்போக எண் ஏறிக்கொண்டே போனது. அந்த அட்டவணையை ஒரு வாரம் யாரும் அழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். "இதுக்கு எதுக்குளா காலேஜி? இந்தத் தண்ணில பருப்பு வேகாதுன்னு நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே தெரியுமே" என்றாள். அவள் சொல்வது சரிதான். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து இறுகிவிடுகிறது, அதனால்தான் வேக மறுக்கிறது. இதை அவளுக்கு அடுப்படியில் உட்கார்ந்து விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ கால்சியத்தத்தான் இத்தன வருஷம் திட்டிக்கிட்டு இருந்தேனா" என்றாள். பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணிக் குழாயில் பிடித்த தண்ணீர் என்று அவள் வைத்திருந்த குடம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

குறையும் சொல்லவேண்டும். பெரிய கருவிகள் இருக்காது. யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டர், என்.எம்.ஆர். எல்லாம் எனக்கு மூன்று வருடமும் புத்தகப் படம்தான், எம்.எஸ்சி. வந்து நேரில் பார்த்தபோது மற்றவர்களைவிடப் பின்தங்கி நின்றேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எங்கள் ஊர் தேடி அதிகம் பேர் வருவதில்லை. எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுகள் பற்றி மூன்றாம் வருடம் பாதியில்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் முதல் வருடமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பியூரெட்டைப் பிடிக்கத் தெரியாதவர்கள் எம்.எஸ்சி. வகுப்பிலும் இருந்தார்கள். அவர்கள் படித்த இடத்தில் ஒரு பியூரெட்டுக்கு மூன்று பேராம். எங்களுக்கு ஆளுக்கு ஒன்று.

என்ன பாடம் என்று நீங்கள் எழுதவில்லை. வேதியியல் என்றால் லேப் கோட் பருத்தியில் வாங்குங்கள், நைலான் கலந்தது பர்னர் பக்கம் உருகி ஒட்டும். அப்புறம், அப்சர்வேஷன் நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். என்னுடையதில் அந்த 14.3 இரண்டு முறையும் பென்சிலில் எழுதியபடியே இருக்கிறது.