போர்ச்சுகலுக்கு ஏழு ஓட்டு, கோவாவுக்கு ஒரு வீட்டோ

கேள்வி: போர்ச்சுகல் நேட்டோ ராணுவக் கூட்டணியில் இருந்த நாடு. 1961-ல் அதன் பிடியில் இருந்த கோவாவுக்குள் நம் ராணுவம் போனபோது அமெரிக்காவும் பிரிட்டனும் ஏன் துணைக்கு வரவில்லை?

பதில்: நேட்டோ ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவைப் படித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ வட அட்லாண்டிக் பகுதியிலோ அடி விழுந்தால்தான் மற்றவர்கள் வருவார்கள். கோவாவின் மாண்டோவி ஆற்றங்கரை அந்தக் கணக்கில் சேராது. பிரிட்டனோடு போர்ச்சுகலுக்கு 1373-லிருந்து நட்பு ஒப்பந்தம் உண்டு. ஆனால் இந்தியா காமன்வெல்த் நாடு, அதனோடு சண்டைக்குப் போக முடியாது என்று பிரிட்டன் கைவிரித்துவிட்டது.

அமெரிக்காவின் சங்கடம் வேறு. அசோர்ஸ் தீவுகளில் அதற்கு ஒரு விமானதளம் இருந்தது. இடம் போர்ச்சுகலுடையது, ஒப்பந்தம் முடிய ஓராண்டுதான் பாக்கி. இன்னொரு பக்கம், அதே 1961 மார்ச்சில், போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலா விஷயத்தில் ஐ.நா.வில் போர்ச்சுகலுக்கு எதிராக ஓட்டுப் போட்டிருந்தது. அதனால் கோவா விஷயத்தில் இந்தியாவைக் கடுமையாகப் பேசியதே தவிர, கப்பல் அனுப்பவில்லை.

கேள்வி: ஐ.நா.வில் பெரும்பான்மை நமக்கு எதிராகத்தான் இருந்தது என்கிறார்களே?

பதில்: உண்மைதான். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தராததில் எனக்கு வருத்தம் உண்டு. டிசம்பர் 18, நம் படைகள் பணஜியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே நியூயார்க்கில் பாதுகாப்பு சபை கூடியது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி சேர்ந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தன: சண்டையை நிறுத்து, இந்தியப் படை திரும்பிப் போகட்டும். ஆதரவு 7, எதிர்ப்பு 4. அன்றைய சபையில் மொத்தமே 11 பேர். தீர்மானம் நிறைவேற ஏழு போதும். சோவியத் யூனியனின் வீட்டோதான் அதைத் தடுத்தது. இது ஐ.நா.வின் மரணத்தில் முடியக்கூடிய நாடகத்தின் முதல் அங்கம் என்றார் அமெரிக்கப் பிரதிநிதி ஸ்டீவன்சன்.

என் மனசு நிற்பது மற்ற மூன்று எதிர் ஓட்டுகளில். எகிப்து (அப்போது ஐக்கிய அரபுக் குடியரசு), லைபீரியா, இலங்கை. இலங்கையின் கரையோரத்தைப் போர்ச்சுகீசியர் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆண்டார்கள். யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியை 1619-ல் பிடித்து, கோவாவுக்குக் கொண்டுபோய்த்தான் கொன்றார்கள். அந்தத் தீவு கோவாவுக்காகக் கை தூக்கியதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும்.

கேள்வி: அகிம்சை பேசிய நேரு ராணுவத்தை அனுப்பியது சரியா?

பதில்: சரி என்றுதான் நான் நினைக்கிறேன். பதினாலு வருடம் காத்திருந்தார். பேசலாம் என்று 1950-லேயே கேட்டாகிவிட்டது. போர்ச்சுகலை ஆண்ட சர்வாதிகாரி சலாசார் 1951-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, காலனிகளுக்கு 'கடல் கடந்த மாகாணங்கள்' என்று பெயர் மாற்றினார். கோவா காலனியே இல்லை, தலைநகர் லிஸ்பனைப் போல அதுவும் போர்ச்சுகல்தான் என்பது அவர் வாதம். அப்புறம் எதைப் பற்றிப் பேசுவது? 1955-ல் ஐ.நா.வில் சேர்ந்த பிறகும் எங்களிடம் தன்னாட்சி இல்லாத பகுதி, அதாவது காலனி, எதுவுமே கிடையாது என்று சாதித்தார்கள். 1960 டிசம்பரில் பொதுச்சபை, கோவா உட்பட அத்தனை இடத்தையும் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டு மறுத்தது. அவர்கள் அசையவில்லை.

அகிம்சையும் நடந்து பார்த்ததுதான். 1955 ஆகஸ்ட் 15 அன்று வெறுங்கையோடு கோவா எல்லை தாண்டிய சத்தியாகிரகிகளைப் போர்ச்சுகீசியர் சுட்டார்கள். இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களை மறந்துவிட்டு 1961-ஐ மட்டும் எடுத்துப் பேசுவது நியாயமில்லை.

கேள்வி: போர்ச்சுகல் எப்போது தோல்வியை ஒப்புக்கொண்டது?

பதில்: கோவாவில் 36 மணி நேரம்தான் தாக்குப்பிடித்தார்கள். லிஸ்பனுக்கோ 13 வருடம் ஆயிற்று. 1974 ஏப்ரல் புரட்சியில் சலாசார் கட்டிய ஆட்சி விழுந்த பிறகு, அந்த வருடக் கடைசி நாளில் கையெழுத்தான ஒப்பந்தத்தில்தான் கோவா இந்தியாவுடையது என்று ஏற்றார்கள்.

பழைய கோவா அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். 1510-ல் கோவாவைப் பிடித்த அல்புகெர்க்கின் வெண்கலச் சிலை அங்கே ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. 1961-ல் துறைமுகத்தில் இருந்த ஒரே போர்ச்சுகீசியப் போர்க்கப்பலுக்கும் அவர் பெயர்தான். நம் கப்பல்கள் சுட்டதில் தோனா பவுலா பக்கம் கரைதட்டி நின்றது. சிலைக்கு முன்னால் நின்றபோது நான் நினைத்ததென்னவோ கடைசி கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வாவை. வெற்றி பெற்ற வீரர்கள் அல்லது இறந்த வீரர்கள், இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சலாசார் தந்தி அடித்திருந்தார். கையில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களைச் சாகவிடாமல் டிசம்பர் 19 இரவு எட்டரைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊர் திரும்பியதும் ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள். 1974-க்கு அப்புறம்தான் பதவி திரும்பக் கிடைத்தது. 1980-ல் அவர் கோவாவுக்கு வந்தார். கோவாக்காரர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள்.