வாசகர் கேள்வி: சவ்வைக் குலைக்கும் பெப்டைடுகள்

கே: சில பெப்டைடுகள் (சிறிய அமினோ அமிலச் சங்கிலிகள்) பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்துக் கொல்லும் என்கிறார்கள். நம் செல்லுக்கும் சவ்வு உண்டே, அதை ஏன் விட்டுவிடுகின்றன?

ப: எல்லாமே விட்டுவிடுவதில்லை. தேனீ விஷத்திலுள்ள மெலிட்டின் நம் சிவப்பணுக்களையும் உடைத்துவிடும். ஆனால், தவளைத் தோலிலிருந்து மைக்கேல் சாஸ்லாஃப் பிரித்தெடுத்து 1987-ல் அறிவித்த மேகைனின் ஆள் பார்த்து அடிக்கிற ரகம். 23 அமினோ அமிலங்களில் நான்கு லைசின் இருப்பதால் அதற்கு நேர்மின்சுமை. பாக்டீரியா சவ்வின் வெளிப்புறத்தில் எதிர்மின்சுமை அதிகம். நம் செல்களிலோ எதிர்மின் லிப்பிடுகள் (சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகள்) உட்பக்கமே இருக்கும். போதாததற்குக் கொலஸ்ட்ரால் சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும்.

தண்ணீரில் வடிவமில்லாமல் கிடக்கும் மேகைனின், சவ்வில் ஒட்டியதும் சுருளாகிறது: ஒரு பக்கம் மின்சுமை, மறுபக்கம் எண்ணெய்த்தன்மை. உடனே துளைத்துவிடாது. முதலில் மேற்பரப்பில் படுத்துக்கொள்ளும். சேரச் சேர வெளி அடுக்கு விரிந்து சவ்வு மெலியும். ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதான் துளை விழும். துளையின் சுவரில் பெப்டைடோடு லிப்பிடுகளின் தலைகளும் வளைந்து நிற்கும். பொட்டாசியம் கசியும், சவ்வின் மின்னழுத்தம் சரியும். பாதி அளவு போட்டால் பாதிப் பலன் கிடைக்காமல் போவது இந்த வரம்பினால்தான்.

கே: ஒரே பெப்டைடுக்கு எம்ஐசி (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) ஒவ்வொரு முறையும் மாறுகிறது. எங்கே தப்பு?

ப: முதலில் சோதனை செய்யும் தட்டைப் பாருங்கள். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் என்றால் பெப்டைடு கிருமியிடம் போகாமல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தட்டு, டியூப் இரண்டும் பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். 0.2% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதமான அல்புமின்) சேர்த்த 0.01% அசிட்டிக் அமிலத்தில் நீர்க்கச் செய்யுங்கள்.

அடுத்து, கிருமியை வளர்க்கும் ஊடகம். அயனி சரிசெய்த முல்லர்-ஹின்டன் ஊடகத்தில் லிட்டருக்குக் கால்சியம் 20–25 மி.கி., மக்னீசியம் 10–12.5 மி.கி. இருக்கும். ஈ. கோலையின் வெளிச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடுகளை (கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறுகளை) இணைத்துப் பிடிப்பவை இந்த அயனிகளே. பெப்டைடு அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். எனவே சாதாரண ஊடகத்தில் வந்த எண்ணை இதனோடு ஒப்பிடாதீர்கள். மில்லிலிட்டருக்கு 5 லட்சம் கிருமிச் செல்களுக்கு மேல் போட்டாலும் எம்ஐசி ஏறிவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று: குப்பியில் போட்டிருக்கும் மில்லிகிராம் முழுவதும் பெப்டைடு அல்ல. டிஎஃப்ஏ (டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம்) உப்பும் ஈரமும் அதில் சேர்ந்தே இருக்கும். நிகர பெப்டைடு அளவை வைத்தே கணக்கிடுங்கள்.

கே: இவற்றுக்கு எதிர்ப்புத்திறன் வராதா?

ப: வரும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா தன் லிப்பிடுகளில் லைசினை ஒட்டி எதிர்மின்சுமையைக் குறைத்துக்கொள்கிறது. பெப்டைடு வகையைச் சேர்ந்த கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிராக, பிளாஸ்மிடு (பாக்டீரியாக்கள் பரிமாறிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ வளையம்) வழியே பரவும் எம்சிஆர்-1 மரபணு சீனாவில் கண்டறியப்பட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது.