ஊரை மாற்றுவதற்கு முன் குருவைத் தேடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 19. மயிலாடுதுறையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏழு வயதிலிருந்து எங்கள் தெருவிலுள்ள டீச்சரிடம் கர்நாடக இசை கற்றேன். வர்ணங்களும் நாற்பது கீர்த்தனைகளும் பாடமாகியுள்ளன. கல்லூரிப் போட்டிகளில் நிறையப் பரிசு வாங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கான குரல் தேர்வில் இரண்டாம் சுற்றோடு வெளியேறினேன். குரல் இன்னும் மேலே எட்ட வேண்டும் என்று அங்கே ஒருவர் சொன்னதால், சுருதியை ஐந்து கட்டையிலிருந்து ஆறு கட்டைக்கு உயர்த்திச் சாதகம் (குரல் பயிற்சி) செய்கிறேன். இரண்டு மாதமாகக் காலையில் குரல் கம்முகிறது. படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் போய் முழுநேரமாக இசையில் இறங்க விரும்புகிறேன். வங்கித் தேர்வு எழுது, பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும் என்கிறார் அப்பா. நான் என்ன செய்வது?
வாசகி, மயிலாடுதுறை.

அன்புள்ள வாசகிக்கு,

படிப்பா பாட்டா என்ற கேள்விக்கு வருவதற்கு முன், கடிதத்தின் நடுவில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட செய்தியைப் பற்றிப் பேசியாக வேண்டும். இரண்டு மாதமாகக் குரல் கம்முகிறது என்கிறீர்கள். கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாடுகிறவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. குரல் நாண்களைச் சிறு கேமரா வழியாகப் பார்க்கும் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஓயாத அழுத்தத்தால் குரல் நாண்களில் சிறு தடிப்புகள் உண்டாவது பாடகர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் அடிக்கடி காணப்படுவதுதான். தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஓய்வும் முறையான குரல் பயிற்சியுமே அதைச் சரிசெய்துவிடுகின்றன. மருத்துவரைப் பார்க்கும்வரை சாதகத்தை நிறுத்தி வையுங்கள். கிசுகிசுவென்று பேசுவதும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதும் ஓய்வாகாது. அவையும் குரலை வருத்தும்.

ஆறு கட்டைக்கு மாறச் சொன்னவர் உங்கள் குரலைச் சில நிமிடங்கள் கேட்டவர். பன்னிரண்டு ஆண்டுகள் அதைக் கேட்ட உங்கள் டீச்சர் ஐந்து கட்டையில் பாட வைத்தார் என்றால், அதற்குக் காரணம் இருந்திருக்கும். மந்தர ஸ்தாயிப் (கீழ் ஸ்தாயிப்) பஞ்சமத்தில் குரல் காற்றாகிவிடாமல் நிற்க வேண்டும், மேல் ஸ்தாயியில் கழுத்து நரம்பு புடைக்காமல் பஞ்சமத்தைத் தொட வேண்டும்; இரண்டும் எந்தச் சுருதியில் இயல்பாக அமைகின்றனவோ அதுவே உங்கள் சுருதி. சுருதியைக் கூட்டிவிட்டால் குரல் வளர்ந்துவிட்டதாக ஒரு தோற்றம் மட்டுமே கிடைக்கும். செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் இளமையில் அவருக்கு எளிதில் வசப்படாத குரலாக இருந்தது என்பது இசையுலகம் அறிந்த செய்தி. அவர் விடாப்பிடியான அகார சாதகத்தால் ('ஆ' என்ற ஒலியில் மட்டும் பாடிப் பழகுவதால்) அந்தக் குரலைப் பழக்கி எடுத்து, அதைக் கொண்டே பல பத்தாண்டுகள் கச்சேரி செய்தார். மருத்துவர் அனுமதித்த பிறகு, ஐந்து கட்டைக்குத் திரும்பி, விடியற்காலையில் மெதுவான காலத்தில் தொடக்கப் பாடங்களான சரளி வரிசையையும் தாட்டு வரிசையையும் அகாரத்தில் பாடுவதிலிருந்து தொடங்குங்கள்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் இருக்கும் ஊரிலேயே இதே கேள்வியை ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எதிர்கொண்டார். 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்க மாயூரத்துக்கு வந்த உ.வே. சாமிநாதையர், அங்கே வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்றுவந்தார். அது பிள்ளையவர்களுக்குத் தெரியவந்தபோது, இசையில் மனம் சென்றால் இலக்கியத்தில் கருத்து ஊன்றாது என்று அவர் எண்ணியதால், சாமிநாதையர் இசைப் பயிற்சியை விட்டுவிட்டார். தமிழுக்கு அதனால் கிடைத்தது எவ்வளவு என்று நமக்குத் தெரியும். ஆனால் அங்கே இருபுறமும் குருமார் இருந்தார்கள், ஒவ்வொருவரும் மாணவரின் முழு நாளையும் கேட்கும் அளவுக்குப் பெரியவர்கள். அதனால்தான் ஒன்றை விட வேண்டிய நிலை வந்தது. உங்கள் முழு நாளையும் கேட்கிற குரு சென்னையில் யார்? கடிதத்தை இரண்டு முறை படித்தும் அப்படி ஒருவரைப் பற்றிய குறிப்பு எதையும் நான் காணவில்லை. சென்னை என்ற ஊரின் பெயர் மட்டுமே இருக்கிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போட்டியில் பாடுவதும் கச்சேரி செய்வதும் வெவ்வேறு வித்தைகள் என்பதை நான் உங்கள் வயதில் அறிந்திருக்கவில்லை. பரிசுக் கோப்பைகள் அலமாரியை நிறைத்திருந்த காலத்தில், ஒரு கோயில் திருவிழாவில் இரண்டு மணி நேரம் பாட வாய்ப்பு வந்தது. மெருகேற்றி வைத்திருந்த உருப்படிகள் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துபோயின. அதன்பின் வயலின்காரர் வாசித்து நிறுத்தும்போதெல்லாம் அடுத்து என்ன பாடுவது என்ற பதற்றமே மனத்தில் இருந்தது. பிரதான கீர்த்தனையில் நிரவலுக்கு, அதாவது ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவதற்கு, எடுத்த வரி நாலு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) மேல் நகரவில்லை. மிருதங்க வித்துவான் பெருந்தன்மையோடு தனி ஆவர்த்தனத்தை நீட்டி நேரத்தை நிரப்பிக் கொடுத்தார். போட்டி ஐந்து நிமிடத்தைக் கேட்கிறது. ஒரு பாட்டை ஓராண்டு மெருகேற்றினால் அதற்குப் போதும். கச்சேரியோ, வர்ணத்தில் தொடங்கி, பல ராகங்களும் பல தாளங்களும் மாறி மாறி வந்து, ஓர் ஆலாபனை அன்றைக்குப் புதிதாகப் பிறந்து, நிரவலும் கல்பனாஸ்வரமும் பக்கவாத்தியக்காரர்களோடு உரையாடலாக விரிந்து, துக்கடா என்னும் சிறு உருப்படிகளில் இளைப்பாறி மங்களத்தில் முடிவது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் காலத்தில் நிலைபெற்ற இந்த அமைப்பில் நின்று பாட, நாற்பது கீர்த்தனைகள் தொடக்கம் மட்டுமே. ராகங்களை மனத்தில் சுமந்து திரியும் பழக்கம் வேண்டும். உங்கள் டீச்சர் உங்களுக்கு நல்ல பாடம் கொடுத்திருக்கிறார், அவரை ஒருநாளும் குறைத்து எண்ணாதீர்கள்; ஆனால் மனோதர்மத்துக்கு, அதாவது மேடையிலேயே கற்பனையாகப் பாடுவதற்கு, வாரந்தோறும் எதிரில் உட்கார வைத்து, நீங்கள் பாடியதை நிறுத்தித் திருத்தி, தாமே பாடிக் காட்டும் வித்துவான் ஒருவர் இப்போது தேவை.

அப்படிப்பட்டவரைத் தேட முதலில் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சிதம்பரம். 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரிதான் இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையாக இருக்கிறது. மறுபக்கம் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி. அங்கே பணியாற்றுகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாகப் பல வித்துவான்கள் இந்தக் காவிரிப் பகுதியிலேயே வாழ்கிறார்கள். நேரில் போய், ஒரு வர்ணத்தை இரண்டு காலத்திலும், ஒரு கீர்த்தனையைக் கொஞ்சம் ஆலாபனையோடும் பாடிக் காட்டி, வார இறுதியில் வந்து கற்க இயலுமா என்று கேளுங்கள். உங்கள் பட்டம் முடிவதற்கு இன்னும் ஒன்றரை ஆண்டுதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் சனியும் ஞாயிறுமாக நூறு நாள்களாவது வரும். அவற்றை ஒரு நல்ல குருவிடம் செலவிட்டுவிட்டு, அவரே இனி நீ சென்னையில் இன்னாரிடம் போ என்று அனுப்பிவைத்தால், அப்போது போவது வேறு விதமான பயணமாக இருக்கும். பட்டத்துக்குப் பிறகு முறையாக இசை படிக்க விரும்பினால் மேற்சொன்ன இரண்டு இடங்களும், சென்னையில் அரசு இசைக் கல்லூரியும் கலாக்ஷேத்திராவும் உள்ளன.

குருவைத் தேடுவது பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குருவிடம் பணிவு வேண்டும் என்பது நம் மரபு; அந்தப் பணிவைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாத் துறைகளிலும் இருப்பதுபோல் இசையிலும் இருக்கிறார்கள். 2018-இல் கர்நாடக இசையுலகைச் சேர்ந்த பெண்கள் பலர் தங்களுக்கு நேர்ந்தவற்றை வெளிப்படையாகச் சொன்னார்கள். பாடத்துக்குத் தொடர்பில்லாத தொடுதலும், வீட்டில் சொல்லாதே என்ற பேச்சும், வேளைகெட்ட நேரத்து அழைப்பும் வந்தால், அவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் அன்றே அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டாரிடம் சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவின் சொல்லை நீங்கள் தடையாகவே பார்க்கிறீர்கள். வங்கியும் பாட்டும் பகையல்ல என்பதற்கு வாணி ஜெயராம் ஒருவரே போதும். வேலூரில் பிறந்து, கடலூர் சீனிவாச ஐயங்கார் உள்ளிட்டோரிடம் கர்நாடக இசை கற்ற அவர், வங்கியில் வேலை பார்த்தார். திருமணத்துக்குப் பின் பம்பாய்க்குச் சென்று உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி இசை கற்கத் தொடங்கி, அந்தக் கடும் பயிற்சி முழு நேரத்தையும் கேட்டபோதே வேலையை விட்டார். 1971-இல் முதல் இந்திப் படப் பாடல் வெளிவந்து நாடெங்கும் புகழ் பெற்றபோது அவருக்கு இருபத்தைந்து வயது கடந்திருந்தது. இன்றைய பெரும் பாடகர்களில் சஞ்சய் சுப்ரமணியன் பட்டயக் கணக்காளர் படிப்பை முடித்தவர். பி.காம். படிக்கும் உங்களுக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் எழுதுகிறேன். வளரும் பாடகிக்குச் சபாவில் கிடைக்கும் சன்மானம் பெரும்பாலும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் போக்குவரத்துக்கும் போதாது. கையிலிருந்து போட்டுப் பாடும் ஆண்டுகள் சில வரும். டிசம்பர் சீசனில் பகல் நேரக் கச்சேரிகளில் இடம் கிடைப்பதற்கே காத்திருக்க வேண்டும். நன்கொடை கொடுத்தால் மேடை தருகிறோம் என்று எவராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தப் பணத்தில் ஓராண்டு பாடம் கற்கலாம். பல நல்ல பாடகர்களுக்கு மாதந்தோறும் அடுப்பெரிவது கற்பிப்பதால்தான். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பெடுப்பது இப்போது பலருக்கு நிலையான வருமானமாக இருக்கிறது. வானொலியும் இருக்கிறது. உங்கள் பகுதிக்குத் திருச்சி நிலையம் 1939-லிருந்து ஒலிபரப்பி வருகிறது. இளையபாரதம் நிகழ்ச்சிக்கு முதலில் முயன்று, பின்னர் முறையான குரல் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். பி, பி ஹை, ஏ, டாப் என்று செல்லும் அந்தத் தரநிலைக்கு இசையுலகில் இன்றும் மதிப்புண்டு. மத்திய பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தையும் வைத்திருக்கிறது. குருவிடம் தொடர்ந்து பயின்றிருக்க வேண்டும் என்பது அதற்கான தகுதி. இதற்காகவும் உங்கள் டீச்சரின் சான்று உங்களுக்கு வேண்டும்.

திரைப்பாட்டை நீங்கள் விரும்பினால் தவறில்லை. ஆனால் அந்தத் துறையில், ஒரே பாட்டைப் பலரைப் பாட வைத்துக் கடைசியில் ஒரு குரலை வைத்துக்கொள்வது வழக்கம். கோரஸும், மற்றவர் பாடுவதற்கு மாதிரியாகப் பதிவாகும் டிராக்கும் பாடியே ஆண்டுகள் கழியலாம். எந்த ஒப்பந்தத்திலும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடகர்களுக்கும் ராயல்டி பெறும் உரிமையைத் தந்திருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

உங்கள் அப்பாவிடம் படிப்பை நிறுத்த அனுமதி கேட்காதீர்கள். ஒரு சனிக்கிழமை சிதம்பரத்துக்கு உடன் வரும்படி கேளுங்கள். நீங்கள் பாடிக் காட்டும்போது அவரும் அறையில் உட்கார்ந்திருக்கட்டும். அந்த வித்துவான் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எதைத் திருத்துகிறார், எதைக் கேட்டுத் தலையசைக்கிறார் என்பதை அவரே பார்க்கட்டும். உங்கள் இசையைப் பற்றி அவர் இதுவரை கேட்டிருப்பது பரிசளிப்பு விழாக் கைதட்டலாக மட்டுமே இருக்கக்கூடும். ஒரு வித்துவான் வாயால் வரும் மதிப்பீடு, உங்களுக்கு எப்படியோ அப்படியே அவருக்கும் தேவைப்படுகிறது. சிதம்பரம் போவது குரல் தெளிந்த பிறகு இருக்கட்டும். மருத்துவரிடம் இந்த வாரமே போய்விடுங்கள்.